நான் எண்ணாத சோற்றுக்கோப்பை

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு என் வீட்டில் ஒரு கரண்டி சீனி இல்லை.

இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். சீனி இல்லாவிட்டால் கடைக்குப் போய் வாங்க வேண்டியதுதானே? நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன் — குசினி வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மனைவி பரமேசு, முகமெல்லாம் வியர்வை வழிய, என்னை உற்றுப் பார்த்து, "நீங்கள் ஆர்? என்ன அலுவலா வந்தனீங்கள்?" என்று கேட்டிருக்காவிட்டால்.

நாற்பத்துநாலு வருடம் ஒரே வீட்டில் இருந்தவள் கேட்கிறாள்.

போன வாரம் பத்திரிகையில் என் பத்தியைக் காணவில்லை என்று மூன்று வாசகர்கள் போன் எடுத்தார்கள். ஒருவர், "ஐயாவுக்கு ஏதும் சுகமில்லையோ?" என்று கேட்டார். எனக்கு நல்ல சுகம். அதுதான் பிரச்சினையே. என் சுகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததால் வந்த வினை இது. முதலிலிருந்து சொல்கிறேன்.

முதலில் என் வலது முழங்கால்.

எனக்கு எழுபத்துநாலு வயது. அதில் முப்பத்தொரு வருடம் நீர்ப்பாசன வேலை. துணுக்காய்ப் பக்கத்தில் ஒரு குளத்தில், காலையும் மாலையும் அளவுகோலில் நீர்மட்டம் பார்த்து எழுதுவது. வேலை முடிந்து போனாலும் பழக்கம் போகவில்லை. எதைப் பார்த்தாலும் எண்ணுவேன். குளக்கட்டிலிருந்து துருசுக்கு, அதுதான் தண்ணீர் திறந்துவிடுகிற மதகுக்கு, இறங்குகிற படிகள் பத்தொன்பது. என் வீட்டுக் கதவிலிருந்து பக்கத்து வளவு இராமையாவின் படலைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு.

போன வருடம் அந்தப் பத்தொன்பது படியில் நான்கு முறை நின்று மூச்சு விட்டேன். மூச்சுக்காக அல்ல... நோவுக்காக. முழங்கால் மடங்க மாட்டேன் என்றது. மடங்கினால் நிமிர மாட்டேன் என்றது. கதிரையில் இருந்து எழும்ப இரண்டு கையும் வேண்டும், கூடவே ஒரு முனகலும்.

நோவைவிடப் பயம் பெரிதாக இருந்தது. ஒரு நாள் விழுந்து படுத்துவிட்டால்? பிள்ளைகள் இரண்டும் கடலுக்கு அந்தப் பக்கம். வீட்டில் நானும் பரமேசுவும்தான். என் நிறை எழுபத்தெட்டு கிலோ. அவளுடையது நாற்பத்தெட்டு. அவளுக்குப் பதினொரு வருடமாகச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வேறு. நாற்பத்தெட்டு எழுபத்தெட்டைத் தூக்குமா? இந்தக் கணக்கை நான் எத்தனை தரம் போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு முறையும் விடை ஒன்றுதான்.

அந்த நேரத்தில்தான் பழைய நண்பர் ஒருவர் வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். கோட்டுப் போட்ட ஒருவர் பேசினார். சோற்றையும் மாவையும் சீனியையும் குறையுங்கள், மூட்டுக்குள் இருக்கிற வீக்கம் வற்றும், நோ குறையும் என்றார். பத்து நிமிடம் பேசினார். நான் நான்கு தரம் பார்த்தேன். ஆக, நாற்பது நிமிடம்.

அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன்.

வன்னியில் சோற்றை விடுவது என்றால் என்னவென்று வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். என் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக்குக் கீழே காணி எடுத்ததே சோற்றுக்காகத்தான். இங்கே மனிதர்கள் சந்தித்தால் முதல் கேள்வி சாப்பாட்டைப் பற்றியது. அந்தக் கேள்வியில் சாப்பாடு என்றால் சோறு. இடியப்பம் சாப்பிட்டவன்கூட, "இன்னும் சாப்பிடேல்லை" என்றுதான் சொல்லுவான்.

நானும் அதே ஊர் ஆள்தானே? சோற்றை விட்டேன் — குரக்கன் பிட்டைப் பிடித்துக்கொண்டேன். காலையில் குரக்கன், அதாவது கேழ்வரகுப் பிட்டு. மத்தியானம் மரவள்ளி அவியலும் சம்பலும். இரவில் நான்கு துண்டு பாண். கணக்கு எழுதுகிற கொப்பியில் பெருமையாக எழுதினேன்: பன்னிரண்டு நாள், ஒரு சோற்றுப் பருக்கை வாயில் படவில்லை.

பதின்மூன்றாம் நாள் வீடியோவின் இரண்டாம் பாகம் வந்தது. குரக்கன், மரவள்ளி, பாண் எல்லாம் உடம்புக்குள் போனால் சோற்றின் சொந்தபந்தம்தான் என்றார் கோட்டுக்காரர்.

பன்னிரண்டு நாளையும் குறுக்கே கோடு போட்டு வெட்டினேன். மறுபடி ஒன்று.

இந்த முறை கண்டிப்பு. பரமேசுவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"இனி எனக்கு மீன், முட்டை, கீரை, தயிர். இடையில இருபது கச்சான் கொட்டை. அவ்வளவுதான்."

"இருபத்தொண்டு சாப்பிட்டா என்ன செய்யும்?"

"பகிடி விடாதேயும். உமக்குச் சோறு காய்ச்சும். என்னைப் பாக்க வேண்டாம்."

"ஓமோம்" என்றாள்.

அந்த ஓமோமைப் பிறகு பார்ப்போம்.

அன்று பின்னேரம் குசினித் தட்டில் இருந்த சீனியை எல்லாம் அப்புறப்படுத்தினேன். கண்ணில் பட்டால் கை போகும், என் கையைப் பற்றி எனக்குத் தெரியும். பால்மா ரின் ஒன்றில் முக்கால்வாசி சீனி இருந்தது. அதோடு ஒரு சீப்பு வாழைப்பழம், இரண்டு பிஸ்கட் பக்கற். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு இராமையா வீட்டுக்குக் கொண்டுபோனேன். இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு; இரண்டு தரம் நின்றேன்.

இராமையாவின் குடும்பம் மலையகத்திலிருந்து வந்தது. அவர் இங்கே வந்து நாற்பது வருடத்துக்கு மேல். எனக்குப் பதினான்கு வயது இளையவர். என்னைவிட நன்றாக நெல் விளைவிப்பவர். ஆனால் தேத்தண்ணி குடிக்கிற முறையை மட்டும் மாற்றவில்லை. உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, நக்கி நக்கிச் சாயத் தண்ணியைக் குடிப்பார். ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி. தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி. பத்துக் கரண்டி! இதைப் பற்றி நான் அவருக்கு எத்தனை விரிவுரை செய்திருப்பேன்...

பையைப் பார்த்தவர் சிரித்தார்.

"என்னங்கய்யா, வீட்டுல சீனி வெளஞ்சு கொட்டுதா?"

"எனக்கு இனி இது வேண்டாம் இராமையா. நஞ்சு."

"நஞ்சுன்னா எனக்கு எதுக்குங்க குடுக்குறீங்க?"

ரின்னைக் கையில் கொடுத்தேன்.

"பத்திரமா வச்சிருக்கேன். வேணும்னா வந்து கேளுங்க."

"கேக்க மாட்டன்" என்றேன். எவ்வளவு திமிர் பாருங்கள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். முழங்கால் சுகமானது.

நோவுக்கு நான் இருபது புள்ளி வைத்திருந்தேன். தொடங்கிய நாள் பதினாறு. பத்தாம் நாள் பதின்மூன்று. இருபதாம் நாள் பத்து. முப்பதாம் நாள் எட்டு! கதிரையிலிருந்து ஒரு கையை ஊன்றி எழும்பினேன். முனகல் நின்றுவிட்டது. துருசுப் படியில் ஒரே ஒரு தரம்தான் நின்றேன். அதுவும் அங்கே குளித்துக்கொண்டிருந்த ஒருவர் கதை கேட்டதால். நிறை எழுபத்துமூன்று. ஐந்து கிலோ எங்கே போனது என்று தெரியவில்லை, போகட்டும்.

இந்தப் பத்தியிலும் எழுதினேன். கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் இராமையாவுக்குக் காட்டினேன். மீன்காரனுக்குக் காட்டினேன். கொக்கிளாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிற பெடியன், "அப்ப ஐயா, எல்லாரும் சோத்தை விட்டா நாங்கள் பணக்காரர்" என்றான். பரமேசுவுக்கும் காட்டினேன். ஒவ்வொரு நாளும் அவள் கொப்பியைப் பார்த்து, "நல்லது" என்பாள். அவ்வளவுதான்.

அவளுடைய குளிசைகளுக்கும் நான்தான் பொறுப்பு. கிளினிக்கில் ஒரு மாதத்துக்குத் தருவார்கள். காலை ஏழு மணிக்கு ஒன்று, இரவு ஏழு மணிக்கு ஒன்று. எண்ணி எடுத்து, தண்ணீரோடு கையில் கொடுத்து, விழுங்குகிறாளா என்று பார்த்து, கொப்பியில் சரி போடுவேன். பதினொரு வருடத்தில் ஒரு குளிசை தவறியது இல்லை. அந்த நாட்களிலும் தவறவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை... ஏன் சொல்கிறேன் என்று இன்னும் கொஞ்சத்தில் விளங்கும்.

இப்போது திரும்பிப் பார்த்தால் மூன்று விஷயங்கள் கண்முன்னால் நடந்திருக்கின்றன. மூன்றையும் நான் எழுதியும் வைத்திருக்கிறேன். எழுதியவன்தான் வாசிக்கவில்லை.

ஒன்று, நாய். எங்கள் வீட்டு நாய் பதினைந்தாம் நாளளவில் இராமையா வீட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. கொப்பியில், "நாய் போய்விட்டது. நன்றியில்லாத ஜீவன்" என்று இருக்கிறது.

பிறகு, பரமேசுவின் தலைச்சுற்று. இரண்டு தரம் சொன்னாள். "தலை ஒரு மாதிரிக் கிடக்குதப்பா. கை நடுங்குது." நான் வெளியே பார்த்தேன். கொளுத்துகிற வெயில். "வெயிலுக்கு. தண்ணியைக் குடிச்சிட்டு இரும்" என்றேன். கொப்பியில், "இன்று கடும் வெயில்."

மற்றது அரிசி வாளி. இதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கம்.

எங்கள் காணி நெல்லைக் குற்றி, அந்த அரிசியைப் பெரிய நீல வாளி ஒன்றில் வைத்திருப்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்குள் அடிமட்டக் கோலை விட்டு எத்தனை அங்குலம் என்று பார்ப்பேன். ஏன் என்று கேட்காதீர்கள், பழக்கம். சாதாரணமாக ஞாயிறுக்கு ஞாயிறு இரண்டு அங்குலம் இறங்கும். அந்த நாட்களில் ஒரு ஞாயிறு மட்டம் பதினான்கு அங்குலம். அடுத்த ஞாயிறும் பதினான்கு. அதற்கடுத்த ஞாயிறும் பதினான்கு.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? "அட, நான் இத்தனை காலமும் எவ்வளவு சோறு தின்றிருக்கிறேன்!" என்று தோன்றியது.

முப்பத்தொரு வருடம் நீர்மட்டம் பார்த்தவன் நான். வயலுக்குத் தண்ணீர் திறந்திருக்கிற காலத்தில், மழையும் இல்லாமல், குளத்தின் மட்டம் மூன்று கிழமை இறங்காமல் நின்றால் என்ன அர்த்தம்? எங்கோ தண்ணீர் போகவில்லை, ஏதோ ஒரு வயல் காய்கிறது என்று அர்த்தம். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பேன். வீட்டு வாளி இறங்காமல் நின்றபோது பெருமைப்பட்டேன்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். முப்பத்துநாலாம் நாள்.

காலை ஏழு மணிக்குக் குளிசை கொடுத்தேன். சரி போட்டேன். பத்து மணிக்கு அவள் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். திருவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்கவில்லை. பாதித் தேங்காயில் ஏன் நிற்பாட்டினாள் என்று எட்டிப் பார்த்தேன்.

அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சேலையெல்லாம் நனைந்திருந்தது. கை நடுங்கியது. "நீங்கள் ஆர்?" என்றாள்.

"பரமேசு, நான்தான்."

"அவர் குளத்தடிக்குப் போயிட்டார். பிறகு வாங்கோ."

சொன்னபடியே சுவரோடு சரிந்து நிலத்தில் இருந்தாள்.

எனக்கு முதலில் வந்தது மாரடைப்பு என்ற நினைப்பு. பிறகு பாரிசவாதமோ என்று. அப்போது கிளினிக் சுவர் நினைவுக்கு வந்தது. பதினொரு வருடமாக மாதத்துக்கு ஒரு தரம் அவளோடு போய், அங்கே உள்ள வாங்குப் பலகையில் இரண்டு மூன்று மணித்தியாலம் இருப்பேன். எதிரே ஒரு அறிவித்தல். ஏழு வரி. வேறு வேலை இல்லாமல் அதை எத்தனை தரம் வாசித்திருப்பேன்! இரத்தத்தில் சீனி குறைந்தால்: நடுக்கம், வியர்வை, தடுமாற்றம். விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் உடனே சீனித் தண்ணீர் கொடுக்கவும்.

குசினித் தட்டுக்கு ஓடினேன். சீனி ரின் இருக்கிற இடத்தில் கச்சான் போத்தல் இருந்தது. வாழைப்பழம் இல்லை. பிஸ்கட் இல்லை. அலுமாரியைத் திறந்தேன். ஒரு இனிப்புத் துண்டு இல்லை. முட்டை பதினெட்டு இருந்தது. தயிர்ச் சட்டி இருந்தது. நான் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக அந்த வீட்டைத் துடைத்து வைத்திருந்தேன்...

ஓடினேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு என்று சொன்னேன் அல்லவா? அன்று எத்தனை? தெரியாது. எண்ணவில்லை. படலையைத் திறந்தேனா, தள்ளினேனா, அதுவும் தெரியாது. முழங்கால் நொந்ததா? தெரியாது. எழுபத்துநாலு வருடத்தில் எண்ணாமல் போன ஒரே தூரம் அதுதான்.

இராமையா முற்றத்தில் உள்ளங்கைச் சீனியோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"சீனி" என்றேன்.

அவர் பகிடி விடவில்லை. என் முகத்தைப் பார்த்தார். தேத்தண்ணியை நிலத்தில் வைத்தார். உள்ளே போய் ரின்னை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார்.

நான் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவர் பரமேசுவின் பக்கத்தில் குந்தி இருந்து, கிளாசில் சீனியைக் கரைத்து, அவள் வாயில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் கொஞ்சமா, அம்மா. மெதுவா. அப்படித்தான்."

பாதி வாயில், பாதி சேலையில். நான் அவள் தலையைத் தாங்கிப் பிடித்தேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். எண்களுக்கு இவ்வளவு நீளம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. ஆறாவது நிமிடம் வியர்வை குறைந்த மாதிரி இருந்தது. எட்டாவது நிமிடம் அவள் கண் அசைந்தது. நிலத்தில் இருந்த ரின்னையே பார்த்தாள்.

"உது எங்கட ரின் எல்லோ?"

சேலைத் தலைப்பால் அவள் வாயைத் துடைத்துவிட்டேன்.

"ஏன் நிலமெல்லாம் சீனி கொட்டிக் கிடக்கு? எறும்பு வரப்போகுது."

என்னை அடையாளம் காண்பதற்கு முன் சீனி ரின்னை அடையாளம் கண்டாள். பரவாயில்லை. அந்த ரின்னுக்கு நான் கோவில் கட்டுவேன்.

இராமையா சந்திக்குப் போய் ஓட்டோ கொண்டுவந்தார். சீனித் தண்ணீர் குடித்துத் தெளிந்துவிட்டாளே, பிறகேன் ஆஸ்பத்திரி என்று பரமேசுவே கேட்டாள். ஏற்றிக்கொண்டு போனது எவ்வளவு நல்லது என்று அங்கே போன பிறகுதான் விளங்கியது. அந்தக் குளிசையின் வேலை ஒரு கிளாஸ் சீனித் தண்ணீரோடு முடிகிறது இல்லையாம். சீனியை மறுபடியும் இறக்கலாமாம். இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரி வாட்டில் இருந்தது ஒரு இளம் டொக்டர் பிள்ளை. கட்டிலின் காலடியில் நின்று கேட்டார்.

"அம்மா நேற்று என்ன சாப்பிட்டவா?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான்தானே கொப்பியும் கையுமாக நிற்கிறேன்?

கொப்பியைத் திறந்தேன். நேற்று — இரண்டு முட்டை. விளைமீன் மூன்று துண்டு. முருங்கை இலை வறை. தயிர் ஒரு கிண்ணம். கச்சான் இருபது.

"இது அம்மாவினதோ?"

"இல்லை... என்ர."

"அம்மா என்ன சாப்பிட்டவா?"

எனக்குத் தெரியாது.

முப்பத்துநாலு நாளில் நான் எத்தனை கச்சான் கொட்டை சாப்பிட்டேன் என்று சொல்லுவேன். அறுநூற்று எண்பது. என் மனைவி நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டாள் என்று தெரியாது.

எப்படித் தெரியும்? எங்கள் வீடுகளில் நடக்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? ஆம்பிளைக்குப் போட்டுக் கொடுத்து, அவன் கைகழுவி எழும்பிப் போன பிறகு, அவள் குசினிக்குள் இருந்து சாப்பிடுவாள். நாற்பத்துநாலு வருடத்தில் பரமேசு சாப்பிடுவதை நான் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்? கல்யாண வீடு, செத்த வீடுகளைக் கழித்துவிட்டு எண்ணினால்... ஒரு கை விரல் போதும்.

பரமேசுதான் மெல்லச் சொன்னாள், கூரையைப் பார்த்துக்கொண்டு.

"இவர் சாப்பிடுறதுதான் டொக்டர். மிச்சம் இருந்தால்."

"சோறு?"

"ஒரு ஆளுக்காக உலை வைக்கிறதே? அரைச் சுண்டு அரிசியைப் போட்டு அடுப்பை எரிக்கவோ?"

"எத்தனை நாளா அம்மா?"

"இவர் விட்ட நாளில இருந்து."

அன்றைய ஓமோம் இதுதான். டொக்டர் பிள்ளை என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஐயா, இந்தக் குளிசையை அம்மா சாப்பிடுற சோத்துக்குக் கணக்குப் பண்ணித்தான் கிளினிக்கில குடுத்தது. குளிசை வழக்கம்போல சீனியை இறக்கப் பார்க்கும். சோறு போகேல்லை எண்டால் அது எதை இறக்கும்? குளிசை ஒழுங்கா எடுத்தவாவோ?"

"ஒண்டும் தவறேல்லை" என்றேன். "நான்தான் குடுத்தனான்."

விளங்குகிறதா, ஏன் முன்னமே சொன்னேன் என்று? கையில் கொடுத்த குளிசையை எண்ணினேன். அவள் சாப்பிடுகிற கோப்பையில் இருந்த சோற்றை எண்ணவில்லை. ஒரு குளிசையாவது மறந்திருக்கக் கூடாதா?

டொக்டர் போன பிறகு கேட்டேன். "ஏன் சொல்லேல்லை?"

"என்னத்தை?"

"சோறு காய்ச்சேல்லை எண்டு. தலை சுத்தினது அதாலதானோ எண்டு."

"நீங்கள் வெயில் எண்டு சொன்னீங்கள்." போர்வையை இழுத்துவிட்டாள். "முழங்கால் சுகமாகுது எண்டு ஒவ்வொரு நாளும் சந்தோசமா எழுதிக்கொண்டு வந்து காட்டினீங்கள். அதுக்குள்ள போய் நான் ஏன் குழப்புவான்?"

எனக்கு அவளைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, கட்டிலின் கீழே ஒளிந்துகொள்ள வேண்டும் போலவும் இருந்தது. நான் படுத்துவிட்டால் அவள் தூக்க வேண்டுமே என்ற பயத்தில் தொடங்கிய காரியம் இது. கடைசியில் படுத்தது யார்?

வீட்டுக்கு விடுகிற நாளில் டொக்டர் பிள்ளையிடம் என் முழங்காலைப் பற்றியும் கேட்டேன். கேட்காமல் இருப்பேனா? முழங்காலை அமர்த்திப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு ஐயா. அஞ்சு கிலோ குறைஞ்சதே முழங்காலுக்குப் பெரிய ஆறுதல். நடக்கேக்க உங்கட நிறையைவிடப் பல மடங்கு பாரம் அதில விழும்."

"அப்ப வீக்கம் வத்தினது? சோறு, மாவு விட்டதால எண்டு அந்த வீடியோவில..."

"சிலருக்கு அப்படியும் உதவலாம். எல்லாருக்கும் எண்டு உறுதியாச் சொல்லேலாது. சோத்தைக் குறைச்சதாலயோ, நிறை குறைஞ்சதாலயோ, சீனி, பாண், பிஸ்கட் விட்டதாலயோ — உங்கட ஒரு முழங்காலை வச்சு நான் எப்படிச் சொல்லுறது?"

ஒரு முழங்காலை வைத்து நான் ஊருக்கே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆகவே என் வாசகர்களுக்கு — இதே பத்தியில் போன மாதம் நான் எழுதியதைப் படித்துவிட்டுச் சோற்றை நிற்பாட்டியவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேர் போனில் சொன்னார்கள். அவர்களுக்குத் திரும்பப் போன் எடுத்துவிட்டேன். சொல்லாமல் செய்தவர்களை நினைத்தால்தான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீங்கள் சீனி வருத்தத்துக்குக் குளிசையோ ஊசியோ எடுப்பவரானால், சோற்றில் கை வைக்க முன் கிளினிக்கில் கேளுங்கள். நீங்களாகக் குளிசையையும் நிற்பாட்ட வேண்டாம். அங்கேயே கேளுங்கள். நீங்கள் எடுக்காவிட்டாலும், உங்கள் வீட்டில் யார் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் சாப்பிடாமல் விட்டதை உங்களுக்குப் பிறகு குசினிக்குள் இருந்து யார் சாப்பிடாமல் விடுகிறார்கள் என்றும் பாருங்கள்.

கிளினிக்கில் பரமேசுவின் குளிசையைக் குறைத்திருக்கிறார்கள். வீட்டில் தினமும் மத்தியானம் உலை கொதிக்கிறது. நானும் கொஞ்சம் சோறு சாப்பிடுகிறேன். முன்னைய அளவில் மூன்றில் ஒன்று, மீனும் கீரையும் அதிகம். முழங்கால் நோ எட்டிலிருந்து ஒன்பதாகியிருக்கிறது. சோற்றாலா, அன்று ஓடிய ஓட்டத்தாலா? தெரியாது. அந்த ஒரு புள்ளியை நான் சந்தோசமாக வைத்துக்கொள்கிறேன்.

போன ஞாயிறு அரிசி வாளிக்குள் அடிமட்டக் கோலை விட்டேன். பன்னிரண்டரை அங்குலம். நாயும் மிச்சச் சோற்றுக்குத் திரும்பி வந்துவிட்டது.

சீனி ரின் பழைய இடத்தில் இருக்கிறது. இராமையா திருப்பிக் கொடுத்தபோது, "கேக்க மாட்டேன்னு சொன்னீங்களேய்யா" என்று ஒரு சொல் சொல்லவில்லை. அதற்காக அவர் உள்ளங்கைச் சீனியைப் பற்றி இனி நான் வாய் திறப்பதில்லை. மனதுக்குள் எண்ணுவதை நிற்பாட்ட முடியவில்லை. அன்றைக்கு ஐந்து தேத்தண்ணியில் ஒன்று எங்களால் ஆறிப்போனது.

ஆனால் பயம் போகவில்லை. தேங்காய் திருவுகிற சத்தம் நின்றால் எழும்பிவிடுகிறேன். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தரம், "நான் ஆர் சொல்லும்?" என்று கேட்கிறேன். முதல் நாள், "என்ர மனுசன்" என்றாள். இரண்டாம் நாள், "விசரன்" என்றாள். இரண்டும் சரியான விடைதான்.

இப்போது மத்தியானம் இரண்டு கோப்பையும் மேசைக்கு வருகிறது. அவள் எனக்கு எதிரே இருந்து சாப்பிட வேண்டும் என்பது என் சட்டம். அவளுக்கு அது பெரிய வெட்கம். நேற்று பாதியில் கையை நிற்பாட்டிவிட்டுச் சொன்னாள்:

"என்ர கோப்பையைப் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோப்பா. எனக்குச் சோறு இறங்குதில்லை."

முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அவள் வளையல் கோப்பையில் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கும். நேற்று இருபத்தாறு பிடி. இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.